பத்து சுவிட்சும் ஓர் இடது காலும்

இடது காலைத் தூக்கியாகிவிட்டது. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கீழே தரையில் இரண்டு பலகைகள் கிடக்கின்றன. ஒன்று நீளம், பத்து சுவிட்ச், ஹார்மோனியத்தின் மேல் யாரோ உட்கார்ந்து சப்பையாக்கிவிட்ட மாதிரி. இன்னொன்று குட்டி, நாலே சுவிட்ச், டிபன் பாக்ஸ் மூடி அளவு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். கிட்டாரின் சத்தத்தை மாற்றித் தருகிற பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது, அதற்குள் நூற்று இருபத்தெட்டு விதமான சத்தங்கள், அதில் நான் புழங்குவது எட்டு. வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் கிட்டாரில் மாட்டிக்கொண்டிருப்பதால் எத்தனாம் நம்பர் சத்தம் வேண்டும் என்பதைக் காலால்தான் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். காலால் சொல்கிற இடம் இந்தப் பலகை. மிடி ஃபுட் கன்ட்ரோலர் என்று பெயர். நான் கடைக்குள் நுழைந்தபோது மணி பத்தரை, இப்போது பதினொன்றே கால், முக்கால் மணி நேரமாக நீளமா குட்டியா, நீளமா குட்டியா என்று கொக்கு மாதிரி நிற்கிறேன். "கால கீழ வெச்சாத்தானுங்ணா சத்தம் வரும்" என்கிறாள் பியூலா. கடை அவளுடையது. நாற்பது வயதுக்காரி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, மேசையில் ஒரு ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்துவைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள். "வெக்கறேன் அம்மிணி, யோசிச்சு வெக்கறேன்." "நல்லா யோசிங்ணா. ஒன்றரைக்குத்தான் சாப்பாட்டுக்குச் சாத்துவேன்." கிண்டலா, உபசாரமா? கோயமுத்தூரில் இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

கீழே பேக்கரி. படிக்கட்டு வழியாக ஜாம் பன் வாசனை ஏறி வருகிறது. அதை நான் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்று எனக்கு நானே மூன்று தடவை சொல்லியாயிற்று. சரி, நீளம். நீளத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனி சுவிட்ச், குழப்பமில்லை. ஆனால் சுவிட்சுகள் நெருக்கம். குட்டியில் சுவிட்சுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, ஆனால் நாலுதான், ஐந்தாவது சத்தம் வேண்டுமென்றால் இரண்டு சுவிட்சை ஒரே காலால் சேர்த்து மிதிக்க வேண்டும், அது பரதநாட்டியம். மூன்று வாரமாகச் செல்போனில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் இதையெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக் கம்பளம், அவர் பூனை, அவர் வெறுங்கால், எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கால் விரல்கள் என்ன அழகாகப் போய் உட்காருகின்றன, ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு விரலைத் தாலி கட்டிக்கொடுத்த மாதிரி. கம்பெனி கேன்டீனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டோர்ஸ் கிளார்க் எட்டிப்பார்த்து "என்னங்க பாக்கறீங்க" என்றார். "மிடி வாங்கலாம்னு இருக்கறேன்." "பொண்ணுக்குங்களா? ஜவுளிக் கடையில தள்ளுபடி போட்டிருக்கறானுங்க, முழங்காலுக்குக் கீழ வர்ற மாதிரி பாத்து வாங்குங்க." எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "மிடின்னா வறுமைங்க. அதைப் போயி காசு குடுத்து வாங்கறீங்களே!" எனக்குப் பெண்ணும் கிடையாது, வறுமையும் கிடையாது. என்ன கிடையாது என்று வேறொன்றைச் சொல்ல வந்தேன், வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், சுவிட்சைப் பார்.

என் பெயர் சென்னியப்பன், வயது ஐம்பத்தொன்று. மோட்டார் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகர். ஞாயிற்றுக்கிழமையிலும் முகூர்த்த நாளிலும் திலகவதி மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். பேனரில் 'கிட்டார் சென்னி' என்று போடுவார்கள், அதைப் பார்த்து ஈரோட்டில் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்த ஆர்ட்டிஸ்ட் என்று நினைத்து எனக்கு மட்டும் தனியாக ஏசி அறை கொடுத்தார், குழுவை நடத்திப் பாடுகிற திலகாக்கா இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை. பரிசோதகன் என்பதால் எதையும் அளந்து பார்க்காமல் வாங்குகிற வழக்கமில்லை. சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறது. எடுத்து அளந்தாயிற்று. நீளத்தில் ஒரு சுவிட்ச் நடுவிலிருந்து அடுத்த சுவிட்ச் நடுவுக்கு ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். குட்டியில் தொண்ணூற்றிரண்டு. பிறகு ஒரு யோசனை வந்து என் ஷூவின் அகலத்தையும் அளந்தேன், நூற்றுநாலு. பியூலா பூதக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருப்பேன்? தன் காலைத் தானே அளந்துகொள்கிற, யானை அளவு மனிதன். நூற்றுநாலு என்றால் இரண்டு பலகையிலும் என் கால் பக்கத்து வீட்டுக்குள் போகும். ஆனால் கால் பெரிதாக இருப்பது புதிதா என்ன? இருபத்திரண்டு வருடமாக இதே ஒன்பதாம் நம்பர் ஷூதான், இதே நெருக்கமான சுவிட்சுகள்தான், ஷூவின் நுனியால் லேசாகத் தொட்டால் போதும், தொட்டது தெரியும், தொட்டது ஆறு என்றால் ஆறு. பொள்ளாச்சி வரைக்கும். பொள்ளாச்சியை நினைக்கக் கூடாது. நினைத்தாயிற்று.

பொள்ளாச்சியில் மூன்று வாரத்துக்கு முன்னால் கல்யாண வரவேற்பு. மண்டபம் நிறைய ஜனம். மணப்பெண் உள்ளே வருகிற நேரம், விளக்கையெல்லாம் குறைத்துவிட்டு, புகை மெஷினைத் திறந்துவிட்டு, அந்தப் புகை நடுவில் அந்தப் பெண் கையில் பூச்செண்டோடு அடிமேல் அடி வைத்து வருகிறாள். திலகாக்கா கண்ணை மூடிக்கொண்டு ஹம்மிங் கொடுக்கிறாள். இந்த இடத்தில் கிட்டார் வர வேண்டும். ஆறாம் நம்பர் சத்தம், வாழைக்குருத்தில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி. நான் மிதித்தேன். வந்தது ஏழு. ஏழு என்பது குத்துப்பாட்டுக்கு நடுவில் நான் மண்டியிட்டு வாசிக்கிற சத்தம், கல் அரைக்கிற மெஷினுக்குள் தகர டப்பாவைப் போட்ட மாதிரி இருக்கும். மண்டபமே குலுங்கியது. மணப்பெண் பூச்செண்டைப் போட்டுவிட்டு மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டாள், மாமியார் காதைப் பொத்திக்கொண்டார், மூன்று குழந்தைகள் ஒரே சுருதியில் அழுதன. நான் பதறிப்போய் ஆறை மறுபடி மிதித்தேன், மிதித்தேன் என்றுதான் நினைத்தேன், வந்தது எட்டு, எட்டு ஹெலிகாப்டர் இறங்குகிற மாதிரி. பெண்ணின் தாய்மாமன் நிஜமாகவே கூரையைப் பார்த்தார். திலகாக்கா மைக்கில் சிரித்தபடியே "மணமக்களுக்கு வானத்திலிருந்து வாழ்த்து" என்று சமாளித்தாள். கீபோர்டு வாசிக்கிற யோகானந்த் அதற்குள் அந்தக் கிட்டார் பகுதியைத் தன் கீபோர்டில், கிட்டார் சத்தத்தில், வாசித்துவிட்டான். நன்றாக வேறு வாசித்தான். வாழைக்குருத்தும் இருந்தது, சொட்டும் இருந்தது. கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிட்டார் சத்தத்தை வேறொருவன் கையிலிருந்து கேட்டுக்கொண்டு நான் புகைக்குள் நின்றேன். அந்தப் புகைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யோகானந்துக்கு நாலு பாட்டின் கிட்டார் பகுதிகளைக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள் திலகாக்கா. எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். நாளைக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாணம். நாலு பாட்டு போகப்போகப் பத்தாகும், பத்து பதினாறாகும், அப்புறம் பேனரில் இடம் குறைகிறது என்று ஒரு பெயரை எடுப்பார்கள்.

"போர்டு கோளாறுங்க்கா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். பழைய போர்டு, சுவிட்ச் தேய்ந்துபோச்சு, புதுசு வாங்கிடறேன். சொல்லிவிட்டு மறுநாள் அந்தப் பழைய போர்டைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் டெஸ்ட் பெஞ்சில் வைத்தேன். எனக்கு அது ஒரு வியாதி, கோளாறு என்று எவன் சொன்னாலும், நானே சொன்னாலும், சோதித்துப் பார்த்துவிட வேண்டும். ஐநூறு தடவை அழுத்தினேன். ஐநூறும் சரி. ஆறை அழுத்தினால் ஆறு, ஏழை அழுத்தினால் ஏழு, தங்கமான போர்டு. ஐநூறும் கையால் அழுத்தினேன். கையால். அதை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. எங்கள் கம்பெனிக்கு மாதம் நாற்பது புகார் வரும், பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை, பம்ப் வேஸ்ட் என்று. நான் போய்ப் பார்த்தால் முப்பத்தைந்தில் பம்ப் ராஜா மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், கிணற்றின் அடியில் குழாய் நுனியில் இருக்கிற ஃபுட் வால்வு ஒழுகும். 'பம்பைக் குத்தம் சொல்லாதீங்க, அடியில பாருங்க' என்று எத்தனை தோட்டக்காரரிடம் சொல்லியிருப்பேன். அடியில். போன மாதம் பால் வாங்கப் போய்விட்டு வந்தேன். கதவைத் திறந்த கோகிலா, என் சம்சாரம், கீழே பார்த்துவிட்டு "எங்க இன்னொரு செருப்பு?" என்றாள். பார்த்தால் வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது காலில் இல்லை. எங்கே கழன்றது, எந்தத் தெருவில், எனக்குத் தெரியவே இல்லை. "வார் அந்துபோச்சு, வீசிட்டேன்" என்றேன். அப்புறம் அவளுக்குத் தெரியாமல் போய்த் தேடினேன், பால் பூத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது, வாரெல்லாம் ஒழுங்காக, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. பால் பூத்திலிருந்து வீடு வரைக்கும் நானூறு அடி, தார் ரோடு, ஜல்லி, நடுவில் ஒரு சாக்கடைப் பலகை. நானூறு அடி. அதற்கும் முன்னால் கம்பெனியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது, விரலில் குத்தி ஒரு சீட்டு கொடுத்தார்கள், சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு, உடனே மருத்துவரைப் பார்க்கவும். அந்தச் சீட்டு கிட்டார் பெட்டிக்குள் கம்பி வைக்கிற அறையில் நாலாக மடித்துக் கிடக்கிறது. கோகிலா வீட்டில் தொடாத ஒரே பொருள் கிட்டார் பெட்டி. ஆக, நான் தேடிக்கொண்டிருப்பது நீளமா குட்டியா என்றில்லை. என் கால் மரத்துப்போனதைக் கண்டுபிடிக்க முடியாத ஒரு பலகையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த மாதிரிப் பலகை எந்த ஊரில் செய்கிறார்கள்? தாடிக்காரரைக் கேட்க வேண்டும்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" பியூலா எழுந்து வந்து என் எதிரில் நிற்கிறாள். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறாள். "மிதிக்கறதுக்கு ஏனுங்ணா கீழயே பாக்கறீங்க?" "லைட் எரியுதான்னு பாக்கறேன் அம்மிணி." "மேடையில புகை போடுவாங்கல்ல, லைட் எங்க தெரியும்? பாக்காம மிதிங்க." பாக்காமல். இந்த ஒரு வார்த்தைக்காகவா முக்கால் மணி நேரம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவள் கடைக் கிட்டாரை நான் கொண்டுவந்திருந்த சத்தப் பெட்டியில் சொருகி, பெட்டியை நீளப் பலகையில் சொருகி, கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன். சுவரில் ட்ரம் செட் படம், பக்கத்தில் ஏசுநாதர் படம், இரண்டில் ஏசுநாதரைப் பார்ப்பது நல்லது. "ஆறு" என்கிறாள். மிதிக்கிறேன். "அது அஞ்சுங்ணா." "ஷூ தடிமனா இருக்குது அம்மிணி." "கழட்டீட்டு மிதிங்க." அடடா, நல்ல வழி காட்டினாய் தாயே. கழற்றினேன். சாக்ஸோடு மிதிக்கிறேன். "ஏழு." மறுபடி. "ஏழுதானுங்ணா." "சாக்ஸ் வழுக்குது." "அப்ப அதையும் கழட்டீருங்க." இந்தப் பெண் எங்கள் கம்பெனியில் பரிசோதகராக இருக்க வேண்டியவள், ஒவ்வொரு காரணமாகக் கழற்றி ஓரமாக வைக்கிறாள். சாக்ஸையும் கழற்றிவிட்டுக் கடைக்குள் நாலு அடி நடந்து வருகிறேன், காலை உதறிக்கொள்கிற சாக்கில், கொஞ்சம் நேரம் சம்பாதிக்க. கம்பி விற்கிற கவுண்டர் வரை போய்விட்டுத் திரும்பி வந்து நிற்கிறேன். இனி கழற்றுவதற்குக் காலில் ஒன்றும் இல்லை, காலைத் தவிர.

மிதிக்கிறேன். ஏசுநாதரைப் பார்த்துக்கொண்டே நாலைந்து தடவை மிதிக்கிறேன். நம்பர் சொல்லவில்லை பியூலா. எல்லாம் சரியாக வந்துவிட்டதோ? ஆசை தாங்காமல் குனிந்து பார்க்கிறேன். நாலாம் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது. "நாலு வந்திருக்குது" என்கிறேன், ஆறு வராவிட்டாலும் நாலாவது வந்ததே என்று. "அண்ணா" என்கிறாள் மெதுவாக, "அந்தப் போர்டுல செவப்பு லைட்டே கிடையாதுங்ணா." ஐந்திலும் கொஞ்சம் சிவப்பு. தரையில் ஒரு கோடு, கம்பிக் கவுண்டரிலிருந்து இங்கே வரைக்கும், யாரோ ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்த மாதிரி. யார் வந்தது? காலைத் தூக்கிப் பார்க்கிறேன். பெருவிரலுக்குக் கீழே சதையில் வெட்டிப் போட்ட கிட்டார் கம்பித் துண்டு ஒன்று, கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் கம்பி, பிளெய்ன் ஸ்டீல் என்று கண் சொல்கிறது. கம்பி என்ன தடிமன் என்றுகூடச் சொல்லிவிடுவேன். வலிக்கிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. அந்தக் கால் எனக்கு அறிமுகமான யாரோ ஒருவருடைய கால் மாதிரி இருக்கிறது. பாவம் மனுஷன், கம்பி குத்திவிட்டதே, யாராவது சொல்லக் கூடாதா என்று தோன்றுகிறது. வயிற்றில்தான் பயம் வந்தது. காலில் வரவில்லை. பயம்கூட அங்கே போக மாட்டேன் என்கிறது.

பியூலா என்னை ஸ்டூலில் உட்காரவைத்தாள். பற்றவைக்கிற மேசையிலிருந்து இடுக்கியை எடுத்தாள், சர்க்யூட் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்தாள், கம்பியை இழுத்துவிட்டுப் பஞ்சை அழுத்தினாள். "எரியுதுங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். ஸ்பிரிட் எரியவில்லை என்றால் அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. சொன்னேன். செருப்பு, சீட்டு, இருநூற்று எண்பத்தாறு, ஐநூறு தடவை கையால் அழுத்தியது, எல்லாம். உலகத்தில் முதல் ஆளாக இவளிடம் சொல்லியிருக்கிறேன், இவள் அப்பா பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் புத்தி சொல்லவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை. பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே பலகையைப் பார்த்தாள். "இதுக்கு டாக்டரப் பாக்கோணுங்ணா, அது வேற. நாளைக்கு மேடைக்கு என்ன பண்றது, அதச் சொல்லுங்க. உங்களுக்குக் கால வெக்கத் தெரியும். எங்க வெச்சோம்னுதான் தெரியாது. அவ்வளவுதானுங்களே?" "அவ்வளவுதான்." "அப்ப எங்க வெச்சாலும் ஒரே வேலை நடக்கற மாதிரி பண்ணீரலாம்." "அதெப்படி அம்மிணி?" "பத்து சுவிட்சுக்கும் ஒரே கட்டளை. அடுத்தது. எத மிதிச்சாலும் அடுத்த சத்தம். நாளைக்குப் பாடற வரிசையில சத்தத்தையெல்லாம் அடுக்கி வெச்சுக்குங்க. கால் எங்க விழுந்தாலும் சரி." மூன்று வாரம். தாடி, பூனை, வெர்னியர். பத்து சுவிட்சை வாங்கிப் பத்தையும் ஒன்றாக்குவது என்பது அந்த வெள்ளைக்காரருக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றாது. ஆனால் பரிசோதகன் சும்மா இருப்பானா? "என் கால் நூத்திநாலு மில்லிமீட்டர். ரெண்டு சுவிட்ச் சேந்து அழுந்துச்சுன்னா ரெண்டு சத்தம் தாண்டிப் போயிருமே." "ஒண்ணு அழுந்துனா மத்ததெல்லாம் அரை செகண்ட் தூங்கற மாதிரி வெக்கலாமுங்ணா." வைத்தாள். ஏசுநாதரைப் பார்த்துக்கொண்டு ஐம்பது தடவை மிதித்தேன். முன்காலால், குதிகாலால், ஒரு தடவை கோபத்தில் முழுப் பாதத்தால். ஐம்பதும் சரி. இந்த ஐம்பதும் காலால்.

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. வரிசை. பாட்டு வரிசை. திலகாக்கா எந்த மேடையிலாவது எழுதிக்கொடுத்த வரிசைப்படி பாடியிருக்கிறாளா? மூன்றாவது பாட்டு முடிந்ததும் திரும்பி விரலால் ஒன்பது என்று காட்டுவாள், ஒன்பதிலிருந்து ஐந்துக்குத் தாவுவாள், கூட்டத்தின் நாடியைப் பிடித்துப் பாடுகிறவள் என்று ஊரெல்லாம் பேர். வரிசை மாறினால் என் அடுக்கு சரிந்தது, கோபியில் மறுபடி ஹெலிகாப்டர். மாற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால். போனை எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன். பொய் எதுவும் தயாராக இல்லை, எல்லாவற்றையும் சாக்ஸோடு கழற்றி வைத்துவிட்டேன். "கூப்புடுங்ணா, ஒன்றரைக்குச் சாத்தோணும்" என்கிறாள் பியூலா. கூப்பிட்டேன். "என்ன சென்னி, போர்டு வாங்கியாச்சா?" திலகாக்காவின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வாங்கியாச்சுங்க்கா. நாளைக்குப் பாட்டு வரிசைய இப்பவே சொல்லீருங்க. அப்பறம் மாத்தக் கூடாது." "அதெப்படி? கூட்டத்தப் பாத்துத்தான பாடோணும். இருவத்திரண்டு வருசமா மாத்தீட்டுத்தான இருக்கறேன், இப்ப என்ன புதுசா?" கண்ணை மூடிக்கொண்டேன். "பழைய போர்டு நல்லாத்தானுங்க்கா இருந்துச்சு. காலுதான் கோளாறு. சர்க்கரை. எத மிதிக்கறேன்னு தெரியறதில்ல." அவ்வளவுதான். இப்போது சொல்லப்போகிறாள், ஒடம்பப் பாத்துக்க சென்னி, யோகானந்த் இருக்கறானில்ல என்று. சரிங்க்கா என்று சொல்ல நான் வாயைத் திறக்கிறேன்.

"இப்பவும் கூட்டத்தப் பாத்தா வரிசைய மாத்தறேன்னு நெனச்சே?" என்றாள் திலகாக்கா. குரல் இறங்கியிருந்தது. "தொண்டையப் பாத்துடா. ரெண்டு வருசமா மேல போகறதில்ல. எந்தப் பாட்டு வரும், எது வராதுன்னு மேடையில ஏறி முதல் பாட்டப் பாடுனாத்தான் எனக்கே தெரியும். வராததையெல்லாம் கீழ தள்ளிவிட்டுட்டே போவேன். கடைசியில நேரமாயிருச்சுன்னு வணக்கம் போட்டர்றது." எனக்கு ஒவ்வொரு பாட்டாக நினைவுக்கு வந்தது. நேரமில்லாமல் போன பாட்டுகள், நாங்கள் சுருதி சேர்த்துக் காத்திருந்து வாசிக்காமலே மூட்டை கட்டிய பாட்டுகள், எல்லாம் உச்சத்தில் ஏறுகிற பாட்டுகள். பரிசோதகனாம் பரிசோதகன், பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு வருடமாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன். "அப்ப யோகானந்துக்கு நாலு பாட்டுக் கத்துக்கச் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். "அது உனக்குத் தெரியுமா? உன்னைத் தூக்கறதுக்குன்னு நெனச்சியா? அட கிறுக்கா. அந்த நாலுலயும் என் தொண்டை பிசிறடிக்கும். உன் கிட்டாரோட அவனும் சேந்து வாசிச்சான்னா அந்தச் சத்தத்துல மறைஞ்சுக்கலாம்னு பாத்தேன்." பியூலா பற்றவைக்கிற கோலைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறாள், பற்றவைக்கவில்லை, புகையே வரவில்லை, காது மட்டும் இந்தப் பக்கம். திலகாக்கா வரிசை சொல்லச் சொல்லப் பலகை வந்த அட்டைப் பெட்டியின் மேல் எழுதினேன். பதினாலு பாட்டு, எல்லாம் தொண்டைக்கு ஏற்றபடி, மணப்பெண் வருகிற பாட்டு அரைக்கட்டை கீழே. மாத்த மாட்டேன், சத்தியம் என்றாள். "சரி, டாக்டர்ட்டப் போனியா?" "இல்லீங்க்கா. நீங்க?" "இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "திங்கக்கெழம ஒரே ஆட்டோல போயிரலாம் சென்னி. உனக்குக் காலு, எனக்குத் தொண்டை. கோகிலாகிட்டச் சொன்னியா?" "இன்னும் இல்லீங்க்கா." "போன வை. அவகிட்டச் சொல்லு மொதல்ல."

சாக்ஸைப் போடுகிறேன். ஷூவை உதறி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, பிறகு போடுகிறேன், அப்படித்தான் போட வேண்டும் என்று பியூலா சொன்னாள். அவள் பலகையைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைக்கிறாள், என் எழுத்து அழியாமல் ஓரத்தைப் பிடித்து. எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் நின்று யோசிக்க ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம். கோகிலாவிடம் எப்படி ஆரம்பிப்பது? நேரே போய்ச் சொல்லலாம். நேரே போனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது சொல்லிவிடுவேன், பீர்க்கங்காய் மலிவு என்று சொல்லிவிடுவேன். இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம்பரை அழுத்துகிறேன். அடிக்கிறது. அடிக்கட்டும். எடுக்காவிட்டால் நல்லது. எடுத்துவிட்டாள். பின்னால் மிக்ஸி ஓடுகிறது. "என்னுங்க?" "கோகிலா, சர்க்கரை..." என்றேன், அதற்குமேல் வாய் ஓடவில்லை. "ஐயோ, வாங்கீட்டு வந்தறாதீங்க" என்கிறாள் மிக்ஸிக்கு மேலாகக் கத்திக்கொண்டு. "நேத்துத்தான் ரெண்டு கிலோ வாங்கி டப்பாவுல கொட்டி வெச்சிருக்கறேன்." பியூலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்குகிறது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் பிறகு சொல்லவே முடியாது, அடக்கிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது. "டப்பாவுல இருக்கறது இல்ல கோகிலா" என்றேன். "எங்கிட்ட இருக்கறது."

மிக்ஸி நின்றது.